மருதத்திணையில் ஒரு வாடகை வீடு

தண்டியலங்காரம் சொல்லும் பொருளணிகள் 35. பின்னால் வந்த மாறனலங்காரம் அதை 64 ஆக்கியது. தொல்காப்பியரோ உவமை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு ஓர் இயலை ஒதுக்கி, வேலையை முடித்துக்கொண்டார். காலம் ஆக ஆக அணிகள் ஏன் பெருகின என்று கேட்டால் அறிஞர்கள் வடமொழித் தொடர்பைக் காரணம் காட்டுவார்கள். எனக்கு வேறு கருத்து உண்டு. புருஷனிடம் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிப் பிரயோசனமில்லை என்று கண்டுகொண்ட பெண்கள் தலைமுறைக்குத் தலைமுறை ஒன்றிரண்டு அணிகளைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் தண்டியாசிரியர் வந்து கணக்கெடுத்தார். அவ்வளவுதான்.

என் மனைவி அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் சேர்ந்த பிறகுதான் நான் இந்த ஆராய்ச்சி முடிவுக்கு வந்தேன். அதுவரை எங்கள் வீட்டில் நடந்தவை எதற்கும் பெயர் கிடையாது. அவை பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. பாடப் புத்தகக் கட்டு வந்து சேர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் பெயரும் விதியும் சான்றும் கிடைத்துவிட்டன.

அவளுக்குப் பாடம் சொல்லித்தரும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பள்ளியில் தமிழில் நல்ல மார்க் வாங்கியவன் நான் என்பதைப் பெண் பார்க்கப் போன அன்றே அவர்கள் வீட்டில் அறிவித்திருந்தேன். அன்றைக்கு நான் சொன்னவற்றில் பாதியாவது உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

"அணி இலக்கணமா? இப்படி உட்காரு. தற்குறிப்பேற்ற அணின்னா என்ன தெரியுமா?" என்று தொடங்கினேன். பத்தாம் வகுப்பு தாண்டிய எவரிடமும் மிச்சமிருக்கும் சொத்து அது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. கொடி என்றால் ஆடத்தான் செய்யும். இளங்கோவடிகள் அதில் தம் குறிப்பை ஏற்றி, 'உள்ளே வராதீர்கள்' என்று கொடிகள் கைகாட்டி மறிப்பதாகப் பாடுகிறார். இதை நான் கையை ஆட்டி, கொடியாகவே மாறி, விளக்கினேன். அவள் குறிப்பு எடுத்துக்கொண்டாள்.

அந்தக் குறிப்பு மறுநாளே பயன்பட்டது. ஆபீசிலிருந்து தாமதமாக வந்தவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பஸ்ஸு நகரவே மாட்டேங்குது. என்னமோ என்னை இறக்கிவிட மனசு இல்லாத மாதிரி சிக்னலுக்குச் சிக்னல் நின்னுக்கிட்டே வருது" என்றேன்.

"தற்குறிப்பேற்றம்" என்றாள், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல். "பஸ் இயல்பா நின்னுச்சு. காரணம் நீங்களா ஏத்தினது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில அரை மணி நேரம் நின்னு அரசியல் பேசினீங்களே, அது தன்மை நவிற்சி. உள்ளது உள்ளபடி. எதிர் வீட்டு அக்கா பார்த்துட்டு வந்து சொன்னாங்க."

சொல்லிக் கொடுத்தவன் மேலேயே முதல் பிரயோகம். சரி, கெட்டிக்கார மாணவி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போலப் பழிப்பது, பழிப்பது போலப் புகழ்வது. பாடநூல்கள் வழக்கமாகக் காட்டும் சான்று, கயவர்களைத் தேவர்களுக்கு ஒப்பிடும் குறள். இருவருமே தம் மனம்போன போக்கில் நடப்பவர்கள், கேட்க ஆளில்லை என்பது உட்பொருள். வள்ளுவர் எடுத்துக்காட்டு கொடுத்த பிறகு வீட்டிலும் ஒன்று தேடத்தான் வேண்டுமா? என் மைத்துனன் வந்திருந்தபோது மிக்சி ஓடவில்லை. நான் ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் இவள் தம்பியிடம் பெருமையாகச் சொன்னாள்: "உங்க மாமா கை வெச்சா அந்தச் சாமான் ரெண்டாவது தடவை ரிப்பேரே ஆகாது."

நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன். மைத்துனனும் சிரித்தான். ஆனால் அவன் எங்கள் வீட்டு லாஃப்டைப் பார்த்துச் சிரித்தான். அங்கே நான் கை வைத்த பிறகு ரிப்பேரே ஆகாத ஒரு கிரைண்டர், ஒரு டேபிள் ஃபேன், ஒரு இஸ்திரிப் பெட்டி ஆகியவை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

எங்கள் வீட்டில் அணி இலக்கணத்தில் உண்மையான புலமை உள்ளவர் என் அம்மா. கல்லூரி வாசலை மிதிக்காதவர். ஆனால் பிறிது மொழிதலில் அவரை மிஞ்ச ஆளில்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்லி, சொல்ல வந்ததைப் புரியவைப்பது பிறிது மொழிதல். மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லி நிறுத்திக்கொள்வார். எந்த அரசனைச் சொன்னார் என்பது கேட்பவன் பாடு. அம்மாவுக்கு மயிலும் வண்டியும் தேவைப்படவில்லை. சமையல்கட்டு ஜன்னலில் வரும் பூனை போதும்.

"ஏண்டி, மணி எட்டாகுது. இன்னும் சோம்பல் முறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே! புஸ்தகம் படிச்சா பால் தானா பொங்கிடுமா?"

அந்தப் பூனை அதுவரை எந்தப் புத்தகமும் படித்ததில்லை. உள்ளேயிருந்து மருமகள் அமைதியாகப் பதில் சொன்னாள்: "பூனையாச்சும் தானே போய்க் குடிச்சுக்குது அத்தை. சிலதுக்கு டம்ளர்ல ஊத்தி, சர்க்கரை போட்டு, ஆத்தி, கையில கொண்டுபோய்க் கொடுக்கணும்."

அம்மா எய்தது மருமகளைப் பார்த்து. மருமகள் திருப்பி எய்தது என்னைப் பார்த்து. இந்த அணியில் பொருள் வெளிப்படாமல் அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. பொருள் அன்று பேப்பருக்குப் பின்னால், நாற்காலியில், முழுக்க அடங்கியே இருந்தது.

பொருள்கோளிலாவது கை ஓங்கும் என்று பார்த்தேன். நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள் சொல்கிறது. அதில் நிரல்நிறை என்பது பெயர்களை வரிசையாகச் சொல்லி, அவற்றுக்கு உரியவற்றையும் அதே வரிசையில் சொல்வது. கடைக்குப் புறப்பட்டபோது இவள் பயிற்சியாகவே சொல்லியனுப்பினாள்: "தக்காளியும் சின்ன வெங்காயமும், அரைக் கிலோவும் ரெண்டு கிலோவும்." நான் ரெண்டு கிலோ தக்காளியும் அரைக் கிலோ வெங்காயமும் வாங்கி வந்தேன். அவள் வாயைத் திறக்குமுன் முந்திக்கொண்டு, "எதிர்நிரல்நிறைன்னு ஒண்ணு இருக்கு, பார்த்துக்கோ. வரிசையைத் தலைகீழா மாத்தியும் பொருள் கொள்ளலாம்" என்றேன். மடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் கூடையின் அடியிலிருந்து சிவப்பாக ஒரு கோடு கசிந்து தரையில் ஓடியபோது, அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்: "இது ஆற்றுநீர்ப் பொருள்கோள். இடையில எங்கேயும் நிக்காம நேரா ஓடும்." துடைத்தது யார் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விவரம்.

இதுவரை சொன்னவை சில்லறைத் தொல்லைகள். அகப்பொருள் வந்ததும்தான் விஷயம் கையை மீறியது.

அகப்பாட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதும் ஓர் உரிப்பொருளும் உண்டு. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். கல்யாணமான புதிதில் நாங்கள் குறிஞ்சியில் இருந்தோம் என்று நினைக்கிறேன். நினைவு மங்கலாக இருக்கிறது. வேலை மாற்றலாகி நான் வெளியூரில் தனியாகக் கிடந்தபோது பாலை. அதற்கப்புறம் குடும்பத்தோடு மருதத்துக்குக் குடிவந்தோம், அட்வான்ஸ் கொடுத்து. இன்னும் காலி செய்யவில்லை. மருதத்துக்கு உரிய பொழுது வைகறை. வேறெங்கேயாவது இரவைக் கழித்துவிட்டுத் தலைவன் விடிகாலையில் வாசலில் வந்து நிற்க, தலைவி கதவைத் திறக்காமலிருக்கும் நேரம்.

வம்புக்கு அலையும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். நான் இரவைக் கழித்தது நண்பன் வீட்டில், கிரிக்கெட் இறுதி ஆட்டம் பார்த்து. ஆனால் என் மனைவி உரை வேறு. "சங்க காலத்துல இற்பரத்தை, சேரிப்பரத்தைன்னு ரெண்டு உண்டு. உங்களுக்கு செல்போன் இற்பரத்தை, கிரிக்கெட் சேரிப்பரத்தை" என்று வகைப்படுத்திவிட்டாள். திணை மயக்கம் என்று நான் வாதாடிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.

மருதப் பாட்டென்றாலே உள்ளுறை உவமம். அள்ளூர் நன்முல்லையார் பாடிய ஓர் அகநானூற்றுப் பாட்டில் எருமை ஒன்று இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு, வேலியைக் கொம்பால் விலக்கி, குளத்தில் இறங்கித் தாமரையை மேய்கிறது. எருமை எருமையல்ல. அது மனைவியை விட்டுவிட்டு வெளியே சுற்றும் ஊரன். ஆனால் பாட்டில் எங்கேயும் 'நீ எருமை' என்று வராது. உவமை மட்டும் நிற்கும், பொருளை நாமே உய்த்துணர வேண்டும். கருப்பொருள்களில் தெய்வத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எதை வைத்தும் உள்ளுறை அமைக்கலாம் என்கிறது தொல்காப்பியம். கூடவே ஒரு நிபந்தனை. உள்ளுறை சொல்வது தலைவியானால் அவள் அறிந்த பொருளை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த நிபந்தனையை என் மனைவி அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். அவள் டவுனில் பிறந்து வளர்ந்தவள். எருமை பழக்கமில்லை. ஒரு நாள் காலை காபியை வைத்துவிட்டுப் பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்த இன்வெர்ட்டர் இருக்கே, கரண்டு இருக்கிற நேரமெல்லாம் பச்சை லைட்டைப் போட்டுக்கிட்டு மூலையில ஜம்முனு உட்கார்ந்து சார்ஜ் ஏத்திக்குது. நமக்கு ஒரு அவசரம்னு கரண்டு போறப்போ மட்டும், பத்தே நிமிஷத்துல பீப் பீப்புன்னு கத்திட்டு அணைஞ்சு போயிடுது."

ஒரு பொறுப்புள்ள குடும்பத் தலைவன் என்ன செய்வான்? மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பேட்டரியின் மூடிகளைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்த்தார், மீட்டரை வைத்து வோல்டேஜ் பார்த்தார், வீட்டு மெயினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். இன்வெர்ட்டர் அணையவே இல்லை.

"பேட்டரி நல்லா இருக்கே சார். யாரு கம்ப்ளெய்ன்ட் சொன்னது?"

அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்தார். கையிலிருந்த செல்போனின் வெளிச்சத்தைப் பார்த்தார். "சார், அம்மா பேட்டரியைச் சொன்ன மாதிரி தெரியலை" என்று சொல்லிவிட்டு, விசிட்டிங் சார்ஜை வாங்கிக்கொண்டு கிளம்பினார். எம்.ஏ. படிக்காதவர், தொல்காப்பியம் கேள்விப்பட்டாரோ என்னவோ, உள்ளுறை அவருக்கு முதல் வாசிப்பிலேயே பிடிபட்டுவிட்டது.

உள்ளுறையை விட்டால் இறைச்சி. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதில் உரையாசிரியர்கள் காலத்திலிருந்தே ஒருமித்த முடிவு இல்லை. எனக்குப் புரிந்தவரை, உள்ளுறையில் இன்வெர்ட்டரின் ஒவ்வொரு பாகமும் புருஷனின் ஒவ்வொரு பாகத்தோடும் பொருந்தும். இறைச்சியில் அப்படி ஒட்டிப் பார்க்க முடியாது. இயற்கையில் நடக்கும் ஒன்றைச் சொன்னால், அதற்கு அப்பால் ஒரு பொருள் தோன்றும். வழக்கமான சான்று குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ பாட்டு. பாலை நிலத்தில் ஆண் யானை மரப்பட்டையை உரித்துப் பெண் யானையின் பசியைப் போக்குகிறது. பொருள் தேடிப் போன தலைவன் போகிற வழியில் இதைப் பார்ப்பான், பார்த்தால் உன் நினைவு வரும், திரும்பி வந்துவிடுவான் என்பது தோழி தரும் ஆறுதல்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே இவள் சொன்னாள்: "பாருங்க, ஏசி பெட்டி மேல அந்த ஆண் புறா ஒவ்வொரு சுள்ளியா தேடிக் கொண்டாந்து கொடுக்குது. பொட்டைப் புறா உட்கார்ந்த இடத்துல கூடு கட்டுது."

தலைவன் இதைப் பார்த்தான். பார்த்து, புறா வலை அடிக்கிறவருக்குப் போன் செய்தான். அவர் வந்து பால்கனியை அளந்து, நைலான் வலையை இழுத்துக் கட்டி, சதுர அடிக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு போனார். இலக்கியச் சுவை என்பது இவ்வளவு செலவு பிடிக்கும் சங்கதி என்று பெருங்கடுங்கோ எங்கேயும் எச்சரிக்கவில்லை. வலைக்கு வெளியே புறா உட்கார்ந்திருந்தது. வலைக்கு உள்ளே இவள். அன்று மாலை முதல் பேச்சுவார்த்தை இல்லை.

ஊடலுக்குள்ளும் படிகள் உண்டு. முளைவிடும்போது புலவி, வளர்ந்தால் ஊடல், முற்றிப் போனால் துனி. வள்ளுவர் காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களை இதற்கே கொடுத்திருக்கிறார். அதில் ஒரு தலைவன் தும்முகிறான். நூறாண்டு வாழ்க என்று வாழ்த்திய தலைவி, உடனே 'யார் நினைத்ததால் தும்மினீர்' என்று அழுகிறாள். சரி, அடுத்த தும்மலை அடக்கிக்கொண்டால், 'யார் நினைப்பதை மறைக்கிறீர்' என்று அதற்கும் அழுகிறாள். வள்ளுவர் குடித்தனம் நடத்தியவர்தான் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை. எனக்கோ தூசி அலர்ஜி. விடியற்காலையில் வரிசையாகத் தும்முவேன். முன்பெல்லாம் "மாத்திரை போட்டீங்களா?" என்று ஒரு குரல் வரும். இப்போது அதுவும் இல்லை. துனி என்று கண்டுகொண்டேன்.

தொல்காப்பியத்தைப் புரட்டினால் மருந்தும் இருந்தது. ஊடல் தீர்க்கத் தூது போகும் வாயில்கள் பன்னிருவர்: தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர். இந்தக் காலத்தில் பன்னிரண்டு பேரைத் திரட்டுவது வார்டு எலெக்‌ஷனில் நிற்பதைவிடக் கஷ்டம். இருந்தாலும் கிடைத்தவர்களை வைத்து முயன்றேன்.

தோழி எதிர் வீட்டு அக்கா. டீக்கடைச் சாட்சியே அவர்தான் என்பதால் தள்ளிவிட்டேன். தாய் என்றால் என் அம்மா. பூனையைக் கூப்பிட்டுவிடுவார். பாங்கன் அந்த கிரிக்கெட் நண்பன். அவன் எங்கள் தெருவுக்குள் வருவதையே இரண்டு மாதமாகத் தவிர்த்துக்கொண்டிருந்தான். பாணனுக்குச் சங்க இலக்கியத்திலேயே நல்ல பெயர் இல்லை. தலைவனுக்காகப் பொய் சொல்கிறவன் என்று தலைவியும் தோழியும் சேர்ந்து திட்டுவார்கள். இருந்தாலும் ஒரு பழைய இளையராஜா பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. இளையர் என்றால் என் மகள். பிளஸ் டூ படிக்கிறாள். "எனக்கு ரெக்கார்டு நோட்டு எழுதணும்பா" என்று கழன்றுகொண்டாள். அறிவர் கிடைத்தார். மாடி வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நடுநிலையாக நாலு வார்த்தை சொல்வார் என்று அழைத்து வந்தேன். அவர் இவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தார், உள்ளுறைக்கு இன்வெர்ட்டரைச் சான்று காட்டியிருந்த பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், காபி குடித்துவிட்டு மாடியேறிவிட்டார்.

மிச்சமிருந்தது விருந்தினர். நற்றிணையில் ஒரு தலைவன், நெற்றி வியர்க்க, கண்ணில் புகை படிய, அடுப்படியில் நிற்கும் கோபக்கார மனைவியைப் பார்த்து, யாராவது விருந்தாளி வரக் கூடாதா என்று ஏங்குகிறான். விருந்து வந்தால் அவள் கோபத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பாளே! இரண்டாயிரம் வருஷத்து யோசனை, இன்றைக்கும் வேலை செய்கிறது. என் ஒன்றுவிட்ட சித்தப்பா குடும்பத்தை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்தேன். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிய கணத்தில் இவள் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது. "ஏங்க, சித்தப்பாவுக்குத் தண்ணி கொண்டாந்து குடுங்க" என்று என்னையே கூப்பிட்டுப் பேசினாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் சாயங்காலம் அவர்கள் ஆட்டோ ஏறியதும் சிரிப்பும் ஏறிப் போய்விட்டது. விருந்து ஊடலை ஒத்திவைக்கும், தள்ளுபடி செய்யாது. வட்டியாகப் பாத்திரங்கள் சேர்ந்தன. தேய்த்தேன். துனி புலவியாக இறங்கியது. வாயில்கள் பட்டியலில் தொல்காப்பியர் பாத்திரத்தை ஏன் சேர்க்கவில்லை என்பது தமிழறிஞர்கள் ஆராய வேண்டிய விஷயம்.

அணியும் திணையும் காலை வாரிவிட்ட நிலையில், பழங்கதைக் குறிப்புகளிலாவது தப்பிக்கலாம் என்று பார்த்தேன். ஒரு மத்தியானம் சோபாவில் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது எனக்கு அடியில் அவள் இஸ்திரி போட்டு அடுக்கிவைத்திருந்த துணிகள் இருந்தன. அவள் நின்ற தோரணையைப் பார்த்ததும் எனக்கு மோசிகீரனார் கைகொடுத்தார். புலவர் மோசிகீரனார் களைப்பில் அரசனுடைய முரசு கட்டில் என்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். அது மரண தண்டனைக் குற்றம். ஆனால் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல் விசிறியை எடுத்து வீசினான். இதை நான் படுத்த வாக்கிலேயே, தழுதழுத்த குரலில் எடுத்துச் சொன்னேன்.

"அவரு புலவரு. எழுந்து அரசனைப் பாட்டாப் பாடினாரு. நீங்க பாடுங்க, நான் விசிறுறேன்" என்றாள். நான் பாடவில்லை. சேரமான் விசிறியை எடுத்தான், இவள் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனாள்.

பிசிராந்தையார் கதை எனக்குச் சாதகமாக இருக்கும் என்று நம்பினேன். இவ்வளவு வயதாகியும் உமக்கு எப்படி நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், சொன்னதைச் செய்யும் ஏவலர், தீங்கு செய்யாத அரசன், ஊர் நிறையச் சான்றோர் என்று அவர் காரணம் அடுக்கினார். "பார்த்தியா, ஆம்பளைக்குத் தலை நரைக்கிறதும் நரைக்காததும் வீட்டைப் பொறுத்தது" என்றேன், குத்தலாக. அவள் என் தலையை நிதானமாகப் பார்த்தாள். "உங்களுக்கும்தான் ஒரு நரை கிடையாதே" என்றாள். நரைப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்பதை என் மகள் தேவையில்லாமல் விளக்கினாள்.

ஆனால் ஒரே ஒரு முறை முழுமையாகப் பாராட்டப்பட்டேன். மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பின் காவல்காரருக்கு வீட்டிலிருந்த புதுப் போர்வையைக் கொடுத்துவிட்டேன். அது இவள் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பியது. பார்த்தவள், "பெரிய பேகன்தான்" என்றாள். கடையெழு வள்ளல்களில் ஒருவன், மயிலுக்குப் போர்வை கொடுத்தவன்! ஆபீசில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். அதில் ஒருவர் புறநானூறு படித்தவராக இருந்துவிட்டார். பேகன் மயிலுக்குப் போர்வை தந்தவன் மட்டுமல்ல, கட்டின மனைவி கண்ணகியைக் கண்ணீரோடு தவிக்கவிட்டவன். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நாலு பெரிய புலவர்கள் வந்து, 'எங்களுக்குப் பொன்னும் வேண்டாம் பொருளும் வேண்டாம், முதலில் வீட்டுக்குப் போ' என்கிற மாதிரி பாடவேண்டி வந்தது. ஒரு சொல்லில் புகழும் பழியும் சேர்ந்து வந்திருக்கிறது. இதற்குத்தான் பழங்கதைகளைக் கடைசிவரை படிக்க வேண்டும் என்கிறார்கள்.

இத்தனையும் தாங்கலாம். தாங்க முடியாதது மாட்டு.

மாட்டு என்பது தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் உறுப்புகளில் ஒன்று. பாட்டில் தள்ளித் தள்ளிக் கிடக்கும் சொற்களை இழுத்து ஒன்றோடொன்று மாட்டிப் பொருள் கொள்வது. இதில் மன்னர் நச்சினார்க்கினியர். பத்துப்பாட்டுக்கு உரை எழுதும்போது ஓரடியிலுள்ள சொல்லைப் பல அடிகள் தாண்டியிருக்கும் சொல்லோடு கொண்டுபோய் மாட்டுவார். பாட்டின் போக்கே குலைகிறதே என்று மறைமலையடிகள் அவரைக் கண்டித்து எழுதினார். நானும் மறைமலையடிகள் கட்சி. காரணம், நச்சினார்க்கினியருடைய நேரடி வாரிசு என் வீட்டில் இருக்கிறாள். கேஸ் புக் பண்ணியாச்சா என்று சாதாரணமாகத்தான் பேச்சு தொடங்கும். கேஸ் என்றதும், தலைப்பிரசவத்துக்குப் போனபோது நான் கேஸ் அடுப்பை அணைக்காமல் வந்தது மாட்டப்படும். பிரசவம் என்றதும், அன்று ஆஸ்பத்திரியில் என் அக்கா பேசிய ஒரு வார்த்தை. அக்கா என்றதும், கல்யாணத்தில் அவள் வாங்கிக்கொண்டு போன பட்டுப்புடவை. இருபது வருஷத்துக் குடித்தனத்தின் முதலடியும் கடைசி அடியும் ஒரு நிமிஷத்தில் கொக்கி போட்டு நிற்கும். எழுவாய் எங்கே கிடந்தாலும் நான்தான்.

பரீட்சை வந்தது. கடைசி நாள் மெய்ப்பாட்டியலை ஒப்பித்தாள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும். "அச்சம்?" என்றேன். "அணங்கு, விலங்கு, கள்வர், இறை" என்றாள். தெய்வம், மிருகம், திருடன், தன்னை ஆள்பவர். எங்கள் குடியிருப்பில் திருடர் பயம் இல்லை, விலங்கு என்றால் அந்தப் பூனைதான். மற்ற இரண்டும் எதிரே ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. நான் பேசாமல் அடுத்ததற்குப் போனேன். "நகை?"

"எள்ளல், இளமை, பேதைமை, மடன்."

"பேதைமைக்கும் மடனுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா என்ன எழுதுவ?"

"கவலைப்படாதீங்க. ரெண்டுக்கும் என்கிட்ட ஒரே சான்றுதான் இருக்கு."

முதலாண்டில் முதல் வகுப்பில் தேறிவிட்டாள். எடுத்துக்காட்டுகள் சிறப்பு என்று தொடர்பு வகுப்பு எடுத்த பேராசிரியர் பாராட்டினாராம். தமிழ் மரபில் சூத்திரம் செய்தவருக்குப் புகழ், உரை எழுதியவருக்குப் புகழ், எடுத்துக்காட்டாக வந்து நின்றவனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அவன் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்பது அகப்பொருள் விதி. தலைவன் என்று மட்டும் சொல்லுவார்கள். அதுவும் ஒரு வஞ்சப்புகழ்ச்சிதான் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் ஆண்டுக்கு யாப்பு. யாப்பருங்கலக் காரிகையை இந்த முறை அவளுக்கு முன்னால் நான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அது மகடூஉ முன்னிலையில் அமைந்த நூல். அதாவது அமிதசாகரர் ஒரு பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு, அவளை விளித்து விளித்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று மொத்த யாப்பிலக்கணத்தையும் சொல்லி முடித்திருக்கிறார். தொடக்கம் முதல் கடைசிவரை அந்தப் பெண் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. அதை அவர் எப்படிச் சாதித்தார் என்று குணசாகரர் உரையில் தேடிக்கொண்டிருக்கிறேன்.